மிக்சர் கிண்ணம் சுற்றிய வீடு

அமெரிக்காவில் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில், 1996 நவராத்திரிக்கு முந்தின வாரம், மணியன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்த மிக்சர் கிண்ணம் தானாகச் சுற்ற ஆரம்பித்தது. வேகம் ஒன்றும் பிரமாதமில்லை. வேர்க்கடலை பொறுக்கித் தின்கிறவர்கள் கையை ஒரே இடத்தில் வைத்துக்கொண்டால் போதும், கடலை வந்து சேரும். மணியனின் மனைவி ஷ்யாமளா, மேசைக்கால்தான் குட்டை என்று நினைத்து அடியில் ஒரு பீட்சா கூப்பனை மடித்து வைத்தாள். கிண்ணம் கூப்பனைப் பொருட்படுத்தவில்லை.

அது அவள் கையால் செய்த கிண்ணம். சிடி வந்தபிறகு இதெல்லாம் யாருக்கு என்று அடுத்த தெரு வெள்ளைக்காரர் ஒருவர் கராஜ் சேலில் இசைத்தட்டுகளைப் பெட்டி பெட்டியாகத் தள்ளிவிட்டார். எல்லாம் கீறல் விழுந்தவை, போட்டால் வடகம் பொரிக்கிற சத்தம்தான் வரும். கணவர் விசாவில் வந்தவள் வேலைக்குப் போகக் கூடாது, ஷ்யாமளாவால் சும்மா இருக்கவும் முடியாது. ஓவனுக்குள் எவர்சில்வர் பாத்திரம் ஒன்றைக் கவிழ்த்து, அதன்மேல் இசைத்தட்டை வைத்து, ஜன்னல்களைத் திறந்துவிட்டுக் காத்திருப்பாள். சூடேறியதும் தட்டு நனைந்த அப்பளம் மாதிரித் தொய்ந்து இறங்கும். ஆறுவதற்குள் கையுறையோடு நாலு மடிப்புப் பிடித்தால் கிண்ணம். நடு ஓட்டையை அடைக்க ஒரு சட்டைப் பட்டன். கொலுவுக்கு வந்த பெண்களுக்கெல்லாம் அந்த வருஷம் வெற்றிலை பாக்கோடு ஆளுக்கொரு இசைத்தட்டுக் கிண்ணம் போயிற்று.

மறுநாளே போன் வந்தது. பக்கத்து ஊர் எடிசனிலிருந்து, கொலுவுக்கு வந்துபோன விசாலாக்ஷி.

"ஷ்யாமா, உங்க வீட்ல எல்லாம் சுத்திச்சே. எங்க வீட்ல வச்ச எடத்துல அப்படியே உக்காந்திருக்குடி. டிஃபெக்ட் பீஸா? மாத்திக் குடுப்பியா?"

கையோடு கொண்டுவந்து மணியன் வீட்டு மேசையில் வைத்தாள். சுற்றியது. "பாத்தியா, உங்க வீட்டு மேசை ராசி" என்று விசாலாக்ஷி சொன்னாள். ஆனால் மணியன் ஆபீஸ் வேலையாக பாஸ்டன் போன அன்று எல்லாக் கிண்ணங்களும் நின்றன. வெள்ளிக்கிழமை அவர் கார் டிரைவ்வேயில் திரும்பும்போதே மறுபடி கிளம்பின. அப்போதுதான் ஷ்யாமளா இன்னொன்றையும் கவனித்தாள். மணியனுக்குக் காலாட்டுகிற பழக்கம் உண்டு. வீட்டுக்கு ஆகாது என்று அவர் அம்மா சொல்லியும், மீட்டிங்கில் மேனேஜர் சொல்லியும் நிற்காத கால், கிண்ணங்கள் சுற்றும்போது மட்டும் லேசாக அடங்கியிருந்தது.

அந்தக் கால்தான் குடும்பத்தை ஊர் ஊராக இழுத்தது. ஜெர்சி சிட்டி, குபெர்டினோ, சுகர் லேண்ட், இப்போது இங்கே. புராஜெக்ட் முடிந்தாலும் கிளம்புவார், முடியாவிட்டாலும் கிளம்புவார். மூன்றாம் வகுப்பு படிக்கிற மகள் தென்றலுக்கு இது நாலாவது பள்ளிக்கூடம். பக்கத்து சீட் பிள்ளையின் பெயரைக் கேட்பதைக்கூட விட்டிருந்தாள், எதற்குக் கேட்டுவைத்துப் பிறகு மறப்பது என்று. தீபாவளி முடிந்த ஒரு சனிக்கிழமை, மணியன் குபெர்டினோவிலிருந்து ஒரு கம்பெனி கூப்பிடுவதாகச் சொன்னார். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும்.

"ஸ்டார்ட்டப் ஷ்யாமா. இந்தத் தடவை வேற மாதிரி."

"சுகர் லேண்டும் வேற மாதிரின்னீங்க. கொசுதான் வேற மாதிரி இருந்தது."

"ஆர் வி மூவிங் அகெய்ன்?" என்றாள் தென்றல், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். மணியன் மிக்சரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று பகல் முழுக்க ஓவன் அணையவில்லை. ஷ்யாமளா ஒரு கடிகாரம் செய்தாள், பூந்தொட்டி செய்தாள், விளக்குக்குக் கூடை செய்தாள், கடிதம் செருகும் தாங்கி ஒன்றும் செய்தாள். எல்லாம் சுற்றின. கடிகாரத்தில் மணி பார்க்கத் தலையையும் கூடவே சுற்ற வேண்டியிருந்தது. கால் அடங்கியது, ஆனாலும் சாயங்காலம் மணியன் பேக்கிங் டேப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார். மிச்சமிருந்த தட்டுகளையெல்லாம் ஷ்யாமளா சூட்டில் இளக்கிச் சதுரமாக அழுத்தி, பேஸ்மென்ட் தரை முழுக்க ஓடு பாவுவது மாதிரிப் பரப்பி, சுகர் லேண்டிலிருந்து வந்து இன்னும் பிரிக்காத பெட்டிகளை அதன்மேல் ஏற்றினாள். ஈரம் என்று காரணம் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மணியன் பெட்டிகளைச் சரிபார்க்கக் கீழே இறங்கி, அந்தத் தரையில் இரண்டு காலையும் ஊன்றி நின்றார். வீடு ஒருமுறை முனகியது. சமையலறை ஜன்னலில் தெரிந்த மேப்பிள் மரம் நகர்ந்து போய், பக்கத்து வீட்டு நாய் வந்தது. மணியன் மேலே வந்து சோபாவில் உட்கார்ந்தார். நாய் போய் வேலி வந்தது. வேலி போய் ஹைவே விளம்பரப் பலகை வந்தது, பிறகு மேப்பிள் மரம், பிறகு நாய். ஷ்யாமளா டேப் சுருளை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு, கிளம்புகிறோமா என்று கேட்கப் பயந்து நின்றாள். அவர் காபி கேட்டார். காலை ஆட்டவில்லை. இருட்டும்வரை எழுந்திருக்கவும் இல்லை.

திங்கட்கிழமை குபெர்டினோவுக்கு வரவில்லை என்று போனில் சொன்னார். காரணம் கேட்டதற்கு, இங்கேயே காட்சி நன்றாக மாறுகிறது என்றார்.

தண்ணீர்க் குழாயும் கேஸ் குழாயும் எப்படி முறுக்கிக்கொள்ளவில்லை என்று கேட்கிறவர்கள் உண்டு. டவுன்ஷிப் இன்ஸ்பெக்டரும் அதையேதான் கேட்டார். கீழே போய்ப் பார்த்துவிட்டு வந்து, தண்ணீர் குடித்து, வாசல் டிரைவ்வேக்கு வந்ததும் இறங்கிப் போனார். சேனாபதி என்ற வாஸ்து நிபுணர், எல்லா அறையும் ஏதாவது ஒரு நேரம் சரியான மூலைக்கு வந்துவிடுவதால் குற்றம் சொல்ல இடமில்லை என்றார். வாடகைக்கு விட்டவர் அந்த வீட்டை வேறு யாரும் வாங்க மாட்டார்கள் என்று இவர்களுக்கே விற்றார். கிரீன் கார்டு வந்தது. பெட்டிகளைப் பிரித்து அட்டையைக் குப்பைக்குப் போட்டார்கள்.

தென்றல் அந்த ஊர்ப் பிள்ளைகளோடேயே வகுப்பு வகுப்பாக ஏறினாள். காலையில் மஞ்சள் பஸ் வந்து நிற்கும்போது வீடு சில நாள் முதுகைக் காட்டிக்கொண்டிருக்கும். டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருப்பார். பஸ்ஸுக்குள் ஜோவானா என்ற பெண் தன் பக்கத்து சீட்டில் பையை வைத்து இடம் பிடித்திருப்பாள். வாசல் வந்ததும் தென்றல் இறங்கி ஓடுவாள்.