பின்னால் உருளாத வண்டி

மகள் என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால் எல்லப்பனுக்குப் பதில் சொல்ல வராது. கிண்டியில் இன்ஜினியரிங் முடித்த லீலா, அம்பத்தூர் கம்பெனி ஒன்று கூப்பிட்டும் போகாமல், படப்பைக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகையில் நடந்த ஓர் ஆய்வு மையத்தில் சேர்ந்திருந்தாள். கிராமத்துக்கு வேண்டிய கருவிகளை உருவாக்கிச் சோதித்து, வரைபடத்தைக் கேட்பவர்களுக்கெல்லாம் சும்மா கொடுப்பதுதான் அங்கே வேலை.

"லாபமே வாணாம்னு ஒரு கம்பெனியா?" என்பார் எல்லப்பன்.

"கம்பெனி இல்லப்பா," என்று சொல்லிவிட்டு அவள் தங்கள் ஊரான வல்லக்கோட்டையில் பஸ் ஏறிவிடுவாள்.

எண்பதாம் வருஷம், நடக்க முடியாதவர்களுக்கான மூன்று சக்கர வண்டி அவள் பொறுப்புக்கு வந்தது. ஏற்கெனவே வண்டி வைத்திருப்பவர்களைப் பார்க்கலாம் என்று மணிமங்கலத்துக்குப் போனாள். இளம்பிள்ளைவாதத்தில் இரண்டு காலும் சூம்பிப்போன பாஞ்சாலி அங்கே தையல் வேலை செய்துகொண்டிருந்தாள். யாரோ தானமாகக் கொடுத்த வண்டி வாசலில் நின்றது. அதன்மேல் கோழிகள் அடைந்திருந்தன.

"இத ஓட்டறதில்லையாக்கா?"

"தார் ரோட்ல ஓடும். ஏரிக்கரை மேட்ல பாதி ஏறி, மூச்சு வாங்க நின்னா பின்னால வந்துடும். ரெண்டு வாட்டி வுழுந்தேன். கரைக்கு அந்தாண்டதான் தையக் கடை. எங்க அண்ணன் தூக்கிக்கினு போய் வுடுது. நாப்பது வயசு ஆவப் போவுது எனக்கு. இன்னும் ஒருத்தர் இடுப்புல ஏறிக்கினு போறதா?"

லீலா மையத்துக்குத் திரும்பியதும், அங்கிருந்த மாதிரி வண்டியில் கையால் சுற்றும் பெடலை எடுத்துவிட்டு, முன்னும் பின்னும் தள்ளுகிற நெம்புகோல் வைத்தாள். இழுவை கூடியது. அதுவே போதும் என்று நினைத்து, ஒரு துண்டால் தன் இரண்டு காலையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு, தானே மணிமங்கலத்து ஏரிக்கரை மேட்டில் ஓட்டிப் பார்த்தாள். பாதி மேட்டில் தோள் கடுத்தது. ஒரு நொடி கை ஓய்ந்ததும் வண்டி பின்னோக்கி உருண்டு அவளை வேலிகாத்தான் புதரில் கவிழ்த்தது.

ஃபிட்டர் தசரதன் ஓடிவந்து தூக்கினார். "நான் ஒக்காந்து பாத்திருப்பேன்ல மேடம்?"

"உங்க காலு சும்மா இருக்காது தசரதன். பயம் வந்தா ஊனிடும்."

முழங்கையில் முள் தைத்திருந்தது. ஆனால் அவள் மனம் அதில் இல்லை. ஏறுவதற்கான பலத்தைப் பற்றியே இத்தனை நாளும் யோசித்திருந்தாள். களைத்துப்போனவர் நின்று இளைப்பாற இடம் வேண்டும் என்பதை யோசிக்கவே இல்லை.

பின்சக்கரத்தோடு ஒரு பல்சக்கரத்தைச் சேர்த்தாள். அதன் பல்லிடுக்கில் விழும் ஒரு கொக்கி, சக்கரத்தை முன்னால் விடும், பின்னால் விடாது. முதல் கொக்கி ஒடிந்தது. அடுத்தது ஏரிச் சேற்றில் அடைத்துக்கொண்டது. பல்லுக்குப் பல் இடைவெளியைக் கூட்டி, சேறு தானாக உதிரும்படி செய்தாள். பின்னால் போக வேண்டுமென்றால் கொக்கியைத் தூக்க, கைக்கு எட்டும் இடத்தில் ஒரு கம்பி. அவள் வரைய வரைய, தசரதன் அலுக்காமல் அறுத்து, ராவி, பற்றவைத்துக் கொடுத்தார்.

மழை விட்ட ஒரு காலையில் பாஞ்சாலி அந்த வண்டியில் ஏறினாள். கரையோரம் ஊரே வேடிக்கை பார்த்தது. அவளுடைய அண்ணன் நடேசன் பின்னால் கை கொடுக்கப் போனார்.

"நீ தள்ளி நில்லுண்ணா," என்றாள் பாஞ்சாலி.

டக், டக்கென்று கொக்கி விழும் சத்தத்தோடு வண்டி மேலேறியது. பாதி மேட்டில் அவளுக்கு மூச்சு இரைத்தது. இரண்டு கையையும் நெம்புகோலிலிருந்து எடுத்தாள். நடேசன் கண்ணை மூடிக்கொண்டார். வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. பாஞ்சாலி அவசரமில்லாமல் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அவிழ்ந்த கொண்டையை முடிந்துகொண்டாள். பிறகு மிச்ச மேட்டையும் ஏறி, கரைமேல் வண்டியைத் திருப்பி, திரும்பிக்கூடப் பார்க்காமல் தையல் கடைப் பக்கம் போய்விட்டாள்.

"ஒரு வார்த்தை சொல்லாம போறா பாரு," என்று நடேசன் குறைபட்டார். லீலாவுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் புறப்பட்டுப் போகிற சுதந்திரத்தைத்தானே அவள் செய்து கொடுத்திருந்தாள்.

வரைபடம் பல ஊர்ப் பட்டறைகளுக்குப் போயிற்று. இரண்டு வருஷம் கழித்து, செங்கல்பட்டு பஸ் நிலையத்தில் பச்சை வண்ணம் பூசிய ஒரு மூன்று சக்கர வண்டியைப் பார்த்து லீலா நின்றாள். அதில் ஒருவர் பேனா, சீப்பு விற்றுக்கொண்டிருந்தார். அவள் சக்கரத்தையே பார்ப்பதைக் கண்டு அவர் பெருமையாக விளக்கினார்.

"புது மாடல்மா. மேட்ல கைய வுட்டாலும் அப்டியே நிக்கும். இங்க பாரு, கொக்கி ஒண்ணு கீது. நல்ல மூள இருக்கறவன் எவனோ செஞ்சிருக்கான்."

"ஆமாங்க," என்று சொல்லி லீலா அவர் விளக்கம் முழுவதையும் கேட்டுக்கொண்டாள். கொக்கியைத் தூக்கும் கம்பி அவள் வைத்த இடத்தில் இல்லை. எந்தப் பட்டறைக்காரரோ அதை நெம்புகோலின் பிடியிலேயே பொருத்தியிருந்தார். கையை எடுக்காமலே விரலால் இழுக்கலாம். அது அவளுடையதைவிட நன்றாக இருந்தது. வண்டியில் இருந்தவரிடம் கேட்டு, ஒரு தடவை இழுத்தும் பார்த்தாள்.

மறுநாள் காலை கொட்டகைக்குள் நுழைந்ததுமே, "தசரதன், நம்ம வண்டிய நம்மளவிட நல்லா ஒருத்தர் செஞ்சிருக்காரு," என்றாள். முகமெல்லாம் சிரிப்பாக, புதுத் தாளை எடுத்து வரைபலகையில் விரித்தாள்.