கை காட்டும் வேலை

கூட்டமாக நடக்கும்போது ஆள் தொலையக் கூடாது என்பதற்கு அந்தத் தீவின் வழிகாட்டி ஒரு முறை வைத்திருந்தார். பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில், தனக்கு அடுத்து வருகிறவரை அங்கேயே நிறுத்திவிடுவார். நிற்பவர் மற்றவர்களுக்கெல்லாம் கை காட்ட வேண்டும். கூட்டத்தின் கடைசி ஆளாக வரும் அவருடைய உதவியாளர், சிவப்புத் தொப்பிக்காரர், வந்ததும் அவரோடு சேர்ந்து நடக்கலாம்.

மூன்றாவது பிரிவில் சின்னது மாட்டிக்கொண்டாள். வயது நாற்பத்திரண்டு, ஆஸ்பத்திரி லேபில் ஆறு பேரை அதட்டி வேலை வாங்குகிறாள். வீட்டுக்கு மட்டும் இன்னும் சின்னதுதான்.

"வலது பக்கம் மேட்டுப்பாதை. இடது பக்கம் யாரையும் விட்டுடாதீங்க. கீழே பாறையில இப்போ தண்ணி ஏறும்," என்று சொல்லிவிட்டு வழிகாட்டி நடையைக் கட்டினார்.

ஒவ்வொருவராக வந்தார்கள். சிரித்துக்கொண்டே கை காட்டினாள். புதர் வளைவில் அண்ணியின் பூப்போட்ட குடை தெரிந்ததோ இல்லையோ, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். ஒன்றரை வருடப் பழக்கம், கழுத்து தானாகவே திரும்பியது. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அண்ணி கூடவே இருந்தாள். ஒரு போன் போட்டுச் சொல்லவில்லை. இவள் ஓடி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அதோடு பேச்சு நின்றது. இருவரையும் ஒரே விடுமுறைக்கு இழுத்து வந்த அண்ணனோ, வழிகாட்டியோடு ஊர்க்கதை பேசிக்கொண்டு நைசாக முன்னால் நழுவிவிட்டான்.

கொஞ்ச நேரம் கழித்துச் சிவப்புத் தொப்பிக்காரர் வந்தார்.

"செருப்பு வார் அறுந்துபோச்சுங்க, கட்டிட்டு வர்றேன். எனக்கு முன்னாடி குடையோட போன அக்கா எங்க?"

சின்னது மேட்டைப் பார்த்தாள். பாதை முழுக்க வெட்டவெளி. குடையைக் காணோம்.

"நான்... பாக்கலைங்க."

சொல்லிவிட்டு இடது பக்கம் ஓடினாள். சொல்ல வேண்டிய நேரத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றவள் என்று அண்ணியை எத்தனை பேரிடம் திட்டித் தீர்த்திருக்கிறாள்! இன்று இவளுக்கு இருந்தது ஒரே ஒரு வேலை, அதையும் செய்யவில்லை.

"அண்ணி! அண்ணி!"

அண்ணி ஒரு பாறைமேல் நின்றிருந்தாள், சுற்றிலும் தண்ணீர். மடக்கிய குடையை ஊன்றி, அடுத்த காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் விழித்தாள். சின்னது முழங்கால் ஆழத்தில் இறங்கி, கையைப் பிடித்து இழுத்துக் கரையேற்றினாள். இருவருக்கும் மூச்சு வாங்கியது.

"வழி தெரியலைன்னா கேக்க வேண்டியதுதானே?"

"நீ மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நின்னே. எனக்குக் கேக்க வாய் வரல."

சின்னதுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "தப்பு என்னுதுதான் அண்ணி."

அண்ணி சேலை முனையைப் பிழிந்தாள். பிழிந்து முடித்தும் கையை எடுக்கவில்லை.

"அன்னிக்கும் அப்படித்தான். போனைக் கையில வெச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் வராந்தாவுல நின்னேன். மாமாவுக்கு இப்படின்னு உங்கிட்ட சொல்ல வாய் வரல. உள்ளே போய்ப் பாத்தா..."

மேலே சிவப்புத் தொப்பிக்காரர் கூப்பிட்டார். இருவரும் ஏறத் தொடங்கினார்கள். பாதி வழியில் சின்னது நின்றாள். ஒன்றரை வருடமாக யாரிடமும் கேட்காததைக் கேட்டாள்.

"அப்பா என்னைத் தேடினாரா அண்ணி?"

"தேடினாரு. வா, நடந்துக்கிட்டே எல்லாம் சொல்றேன்."