காஞ்சொறி முளைத்த சமதரை

இந்தக் காலத்தில் மனுஷன் வாய்ச்சொல்லுக்கு மதிப்பே இல்லை, புல்லைக் கேட்டல்லவா எழுதுகிறார்கள் என்று காலையிலிருந்தே ஒனுஃப்ரியே பொருமிக்கொண்டிருந்தார். முப்பத்தொரு வருஷம் அந்த மலைக்காட்டுக்குக் காவலராக இருந்தவர். உள்ளே ஒரு ஆட்டுக் குளம்புகூடப் பட்டதில்லை என்று ஊர்க்கூட்டத்தில் சிலுவை போட்டுச் சத்தியம் செய்திருந்தார். அதைக் கேட்டுத்தான், கைபடாத காடு என்று பதிவதற்காக நகரத்திலிருந்து இலிங்கா வந்திருந்தாள்.

பீச் மரமும் ஃபர் மரமும் கலந்து நின்ற இடத்தில் சதுரமாகக் கயிறு கட்டுவாள். உள்ளே முளைத்த ஒவ்வொரு செடியின் பெயரையும், அது எவ்வளவு தரையை மூடியிருக்கிறது என்பதையும் எழுதுவாள். எதோடு எது கூடி வாழ்கிறது என்று பார்த்துக் காட்டுக்கு வகை சொல்வாள்.

சரிவில் கயிறு நிற்கவில்லை. "வாம்மா, நல்ல சமதரை காட்டுறேன்" என்று ஒனுஃப்ரியேதான் கூட்டிப்போனார். கயிறு பிடிக்க வந்த மேய்ப்பன் பம்ஃபிலும் கூடவே வந்தான்.

இலிங்கா குனிந்து பார்த்தாள். எழுதவில்லை.

"ஐயா, இந்த நிழல்ல இவ்வளவு காஞ்சொறி சும்மா வராது. ஆட்டுப் புழுக்கை ஊறின மண்ணுலதான் இது இப்படி மண்டும். இங்க பட்டி போட்டிருக்காங்க."

"மான் படுத்திருக்கும்."

"இத்தனை மானா?"

பம்ஃபில் சிரித்தான். "காவலரய்யா இருக்கறப்போ ஆடு வந்துருமா? எங்கப்பன் ஆறே ஆட்ட உள்ள ஓட்டப் பாத்ததுக்கே அவரத் தெரு முழுக்க நடத்திக் கூட்டிட்டுப் போனவராச்சே! அதுவும் ஞாயித்துக்கிழமை, சர்ச் விடற நேரம் பாத்து."

ஒனுஃப்ரியே எப்படி மறந்தார்? மச்சானின் ஆடுகள் இரண்டு கோடை இங்கேதான் கிடந்தன. வாரத்துக்கு ஒரு கட்டி பாலாடைக்கட்டி வீட்டுக்கு வந்தது. கயிறு கட்டத் தோதான இடம் என்பது மட்டுமே இன்றைக்கு ஞாபகம் வந்திருந்தது.

"எம் மச்சான் ஆடு. நான்தான் விட்டேன்" என்றார், தரையைப் பார்த்தபடி. "உங்கப்பன நடத்தினதுக்கு மறு வருஷம்."

பம்ஃபில் வைவான் என்று காத்திருந்தார். அவன் கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தான். முகத்தை நிமிர்த்தவே இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு.

"இந்த இடம் கைபடாத காட்டுல சேராது ஐயா. நீங்க சொன்னதையும் எழுதணும்" என்றாள் இலிங்கா.

"எழுது. எம் பேரப் போட்டே எழுது." காதுமடல் எரிந்தது. "ஆனா தலைக்கு மேல இருநூறு வருஷத்து மரம் நிக்குது. காலடிக் களைய வச்சு காட்டுக்கு வகை சொல்றதெல்லாம் ஒரு வேலையா? நான் ஒத்துக்க மாட்டேன்."

இலிங்காவும் பம்ஃபிலும் மேட்டுப்பக்கம் வேறு இடம் தேடி ஏறினார்கள். அவரை யாரும் கூப்பிடவில்லை. ஒத்துக்க மாட்டேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஒனுஃப்ரியே கீழே இறங்கி நடந்தார்.