வாக்கியத்தின் மானம்

குண்டூரில் ஒத்துழையாமை இயக்கம் நடந்த அந்த வருஷம் சிறைக்குப் போகாத காங்கிரஸ்காரருக்குக் கடைத்தெருவில் மரியாதை குறைவு. சேஷகிரி ராவுக்கு அந்தக் குறை நெடுநாளாக நெஞ்சில் உறுத்திக்கொண்டிருந்தது. நன்றாக ஓடிய வக்கீல் தொழிலை உதறினார், கதர் கட்டினார், வாரப் பத்திரிகை ஒன்று தொடங்கித் தலையங்கம் தலையங்கமாக அனல் கக்கினார். சர்க்கார் அவரைச் சட்டை செய்யவே இல்லை. கடைசியில் ஒருவழியாக ராஜதுரோக வழக்குப் போட்டார்கள். அதுவும் பார்த்து, மகளின் கல்யாண வாரத்தில்.

மாப்பிள்ளையின் அப்பா தெனாலியில் டெபுடி தாசில்தார். "சம்பந்தி ஜெயிலுக்குப் போனா என் உத்தியோகம் என்னாவறது? கேஸ் தள்ளுபடி ஆனாத்தான் மேளம்" என்று வெளிப்படையாகவே சொல்லியனுப்பிவிட்டார்.

சேஷகிரி ராவின் மனைவி மாணிக்யாம்பா அவரைப் பிடித்து உட்கார வைத்தாள். "நம்ம பொண்ணு சுபத்ரா கழுத்துல மங்களசூத்திரம் ஏறட்டும். அப்புறம் நீங்க அந்தமானுக்கே போங்க, கோங்குரா ஊறுகாய் கட்டித் தரேன். கோர்ட்டுல மட்டும் வாயைத் திறக்காதீங்க."

"திறக்கவே மாட்டேன். சத்தியம்" என்றார் அவர். சொன்னபோது மனதாரத்தான் சொன்னார், பாவம்.

ஒத்துழையாமைக்காரர் வக்கீல் வைக்கக் கூடாது. ஆகவே மாணிக்யாம்பாவின் தம்பி லட்சுமிகாந்தம் கறுப்புக் கோட்டோடு வந்து பக்கத்தில் நின்றபோது, சேஷகிரி ராவ் அவனைப் பார்க்காதவர்போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கொள்கையும் பிழைத்தது, வக்கீலும் கிடைத்தான்.

மாஜிஸ்திரேட் ஹார்ட்லி துரை சீமையிலிருந்து வந்து ஒரு கோடையைக்கூட முழுசாகப் பார்க்காதவர். தெலுங்கில் குடிக்கத் தண்ணீர் கேட்பார், அவ்வளவுதான். அவருக்காகத் தலையங்கத்தை இங்கிலீஷில் வாசிக்க, சர்க்கார் மொழிபெயர்ப்பாளர் அக்கிராஜு நாகபூஷணம் எழுந்தார்.

ஊரே சொல்லிச் சொல்லிச் சிரித்த வாக்கியம் ஒன்று அதில் இருந்தது. தெலுங்கில் துரைக்கு 'தொர', திருடனுக்கு 'தொங்க'. 'தொரவுக்கும் தொங்கவுக்கும் வித்தியாசம் எழுத்தில்தான், தொழிலில் இல்லை' என்று சேஷகிரி ராவ் எழுதியிருந்தார்.

நாகபூஷணம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வாசித்தார்: "துரை வேறு, திருடன் வேறு. இருவருக்கும் தொழிலில் சம்பந்தமில்லை. இது எழுத்திலேயே தெரிகிறது."

"நியாயமான பேச்சு" என்றார் துரை. "இதில் ராஜதுரோகம் எங்கே இருக்கிறது?"

சேஷகிரி ராவ் பல்லைக் கடித்துக்கொண்டார். 'உலையில் கொதிக்கும் அரிசியையும் விட்டுவைக்காத சர்க்கார்' என்று அவர் எழுதியது, 'குடிகளின் சோற்றில் கண்ணும் கருத்துமாக இருக்கும் சர்க்கார்' என்று வந்தது. துரை புன்னகை செய்தார். அந்த வரிக்காகச் சேஷகிரி ராவ் எத்தனை முறை அடித்து அடித்து எழுதியிருப்பார்!

லட்சுமிகாந்தம் குனிந்து காதைக் கடித்தான். "ஜெயிச்சாச்சு பாவா. மூச்சுகூட விடாதீங்க."

துரை பேனாவை எடுத்தார். "விசுவாசமுள்ள பத்திரிகை. நடைதான் கொஞ்சம் சப்பென்று இருக்கிறது. அதற்காக ஒருவரைத் தண்டிக்க முடியாது. வழக்கைத் தள்ளுபடி..."

"சப்பென்றா?"

கூண்டிலிருந்து வந்த குரலில் பேனா நின்றது.

"நாகபூஷணம் காரு, உங்களுக்கு மனசாட்சி இருக்கா? நான் இப்படியா எழுதினேன்?"

நாகபூஷணம் கையெடுத்துக் கும்பிடாத குறையாக அவரைப் பார்த்தார். லட்சுமிகாந்தம் கோட்டுநுனியால் முகத்தை மூடிக்கொண்டான். சேஷகிரி ராவ் இருவரையும் கண்டுகொள்ளவில்லை. முதல் வரியிலிருந்து தொடங்கி, அத்தனையையும் அருமையான இங்கிலீஷில் தானே பெயர்த்துச் சொன்னார். எங்கே குத்தல், யாருக்குக் குத்தல் என்று விளக்கம் வேறு. பிராசிக்யூஷன் தரப்பு வேலை முழுவதையும் ஒண்டியாளாக முடித்துக் கொடுத்தார். துரையின் முகம் குண்டூர் மிளகாயானது.

"இப்போது சொல்லுங்கள், சப்பென்று இருக்கிறதா?"

"இல்லை" என்றார் துரை. "ஒரு வருஷம். கடுங்காவல்."

வெளியே ஊரே திரண்டு 'வந்தே மாதரம்' முழங்கியது. போலீஸ் வண்டியருகே மாணிக்யாம்பா நின்றாள்.

"மாணிக்யம், நாட்டுக்காக..."

"நாட்டுக்காகன்னா நான் அழுதுக்கிட்டாவது அனுப்பி வெச்சிருப்பேன்" என்றாள் அவள். "நாகபூஷணம் காரும் பொண்ணைப் பெத்தவரு. தன் வேலை போனாலும் போகட்டும்னு, நீங்க எழுதினதை ஒவ்வொரு வரியா உக்காந்து கெடுத்தாரு, நம்ம சுபத்ராவுக்காக. ஒரே ஒரு நாள், எழுதத் தெரியாதவன்னு பேர் வாங்கிக்க உங்களால முடியல. மாப்பிள்ளை வீட்டு வண்டி அப்பவே போயிடுச்சு. வீட்டுல மஞ்சள் பூசி உக்காந்திருக்கா. அவகிட்ட நான் என்னன்னு சொல்ல?"

மகளின் முகம் கண்ணுக்குள் வந்து நிற்க, வெட்கம் தாங்காமல் சேஷகிரி ராவின் தலை தானாகத் தொங்கியது. யாரோ அந்தக் கழுத்தில் மாலையைப் போட்டுவிட்டார்கள்.

அடுத்த வாரம் சிறைக்கு ஒரு பத்திரிகை வந்தது. 'தேசபக்தர் சேஷகிரி ராவ், மக்கள் அணிவித்த மாலையைப் பணிவோடு தலை குனிந்து ஏற்றார்' என்று அதில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அவர் அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். மறுப்பு ஒன்றும் எழுதி அனுப்பவில்லை.