பம்ப்ஹவுஸ் பின்தெருவின் ஒரே புகார்

புயல் ஓய்ந்து நான்காவது நாள் ஆகியும் மாநகராட்சியின் புகார்ப் பிரிவில் ஈரம் வற்றவில்லை. கீழ்த்தளம். சுவரில் இடுப்பு உயரத்துக்கு நீர் ஏறிய கறை. கோப்புகள் மேசைமேல் சொகுசாகப் படுத்திருக்க, மனிதர்கள் தரையில் செங்கல் போட்டு அதன்மேல் காலை வைத்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு தொலைபேசிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த இளம் எழுத்தரை எல்லோரும் ‘ஸ்கேல்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அச்சிலேயே கோடு போட்டு வரும் பதிவேட்டில் தன் பங்குக்கும் ஸ்கேல் வைத்து ஒரு கோடு போடுகிறவள். போட்ட பிறகு நேராக இருக்கிறதா என்று இரண்டு முறை பார்ப்பாள். மூன்றாவது முறை பார்க்காமல் இருக்கத்தான் அவளுக்குக் கஷ்டம்.

போன வருடம் தணிக்கைக்கு வந்தவர்கள், ஒரே குழாய் உடைப்புக்குப் பதினேழு எண்கள் கொடுத்திருந்ததைக் கண்டுபிடித்துப் பிரிவையே நாறடித்துவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து ஸ்கேல் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். ஒரே தெரு, ஒரே குறை என்றால் ஒரே எண். அதற்குப் பிறகு அழைக்கிறவர்களுக்கு ஓரத்தில் பென்சிலால் ஒரு சின்னக் கோடு, “ஏற்கெனவே பதிஞ்சாச்சுங்க, கவலப்படாதீங்க” என்று ஒரு ஆறுதல். சாயங்காலம் பக்கத்தை முடிக்கும்போது பென்சில் கோடுகளை ரப்பரால் அழித்து, தூளை ஊதிவிடுவாள். பக்கம் பளிச்சென்று இருக்கும். மேலாளர் அந்தப் பதிவேட்டை மற்ற பிரிவுகளுக்குத் தூக்கிக்கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார்.

புயல் அடித்த நாளிலிருந்து அவள் வீட்டுக்குப் போகவில்லை. பதிவறை பெஞ்சில்தான் படுக்கை. அன்று காலை பத்து மணிக்கு அவளுடைய கைபேசியில் அக்கா கூப்பிட்டாள்.

“சின்னவனுக்கு நேத்திலேர்ந்து வயித்தால போகுதுடி. தண்ணி தண்ணியா. உள்ள போனதெல்லாம் வாந்தி.”

“காய்ச்சின தண்ணியா குடுத்தே?”

“எதுல காய்ச்ச? சிலிண்டர் தீர்ந்து ரெண்டு நாளாச்சு. கேன் தண்ணி விக்கிற வெலையில கேன் வாங்கினா அரிசி இல்ல, அரிசி வாங்கினா கேன் இல்ல. குழாய்ல வந்ததத் துணியில வடிகட்டிக் குடுத்தேன்.”

“அக்கா, அதுல சாக்கடை கலந்திருக்கும்.”

“தெரியும்டி. மூக்கு இருக்கில்ல எனக்கு? தெரிஞ்சுதான் குடுத்தேன்.”

அத்தான் வெளியூர் வேலைக்குப் போன இடத்தில் பாலம் மூடிக் கிடந்தது. அவர் எப்போது வருவார் என்று கேட்பதில் அர்த்தமில்லை.

“இன்னிக்கு மாமன்றத்துல முடிவு பண்றாங்கக்கா. நாலு தண்ணி லாரி. கூடவே நர்ஸ், குளோரின் மாத்திரை, உப்புக்கரைசல் பொட்டலம் எல்லாம் வரும். எந்தத் தெருவுல புகார் அதிகமோ அங்கதான் முதல்ல.”

“அப்ப எங்க தெருதான் முதல்ல. கூப்பிடாத வீடே கிடையாது. பாதி பேருக்கு நீதானே போன எடுத்தே.” அக்கா லேசாகச் சிரித்தாள். “வைக்கிறேன். சார்ஜ் அஞ்சுதான் இருக்கு.”

பதினொன்றரைக்கு அலுவலக உதவியாளர் மாடியிலிருந்து பட்டியலைக் கொண்டுவந்தார். வாயைத் திறந்தால் நக்கல்தான் வரும் அவருக்கு.

“மேல ரெண்டு மணி நேரமா மைக்கப் புடுங்கிச் சண்ட. வீட்டு வரியத் தள்ளுபடி பண்ணுன்னு ஒரு கோஷ்டி, கஜானா காலின்னு ஒரு கோஷ்டி. லாரிக்கு மட்டும் ரெண்டே நிமிஷம். உன் பதிவேட்ட எண்ணிப் போட்டாச்சு. யாரும் யாரையும் திட்ட முடியாதுல்ல!”

ஸ்கேல் பட்டியலை வாங்கிப் பார்த்தாள். நான்கு தெருக்கள். நான்காவது சந்தைத் தெரு, இருபத்தாறு புகார்கள். அக்கா இருக்கும் பம்ப்ஹவுஸ் பின்தெரு இல்லை. இரண்டாவது தாளில், கடைசிக்கு முந்தைய வரியில் இருந்தது. குடிநீரில் கழிவுநீர் கலப்பு. புகார்: ஒன்று.

ஒன்று என்ற எண்ணையே அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பதிவேட்டைப் புரட்டினாள். புயலுக்கு மறுநாள் பக்கம். அவள் கையெழுத்து, அவள் போட்ட கோடு. ஓரம் சுத்தமாக இருந்தது. விளக்குக்கு நேரே சாய்த்துப் பிடித்தபோது, அழித்த பென்சில் கோடுகளின் பள்ளங்கள் மட்டும் தெரிந்தன. முப்பதா, நாற்பதா, எண்ண முடியவில்லை. சந்தைத் தெரு அழைப்புகளை எடுத்தவர் பக்கத்து நாற்காலிக்காரர். அவர் வந்ததையெல்லாம் கோணல்மாணலாகத் தனித்தனி எண் போட்டு எழுதித் தள்ளுவார். அவர் எழுத்தைப் பார்த்து அவள் எத்தனை முறை உள்ளுக்குள் முகம் சுளித்திருக்கிறாள்!

மூன்றாம் நாள் பின்தெருவிலிருந்து ஒரு அழைப்பும் வரவில்லை. சரியாகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்திருந்தாள். கரண்ட் இல்லாத தெருவில் கைபேசிகள் ஒவ்வொன்றாக அணைந்திருக்கின்றன. அது அவளுக்குத் தோன்றவே இல்லை.

பட்டியலை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினாள். குடிநீர்ப் பொறியாளர் நின்றபடியே பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தார். மூன்று நாளாகச் சவரம் செய்யாத முகம்.

“சார், பின்தெருவுல ஒரு புகார் இல்ல சார். நிறைய. நான்தான் ஒண்ணாச் சேத்துட்டேன்.”

“எத்தன?”

“பென்சில்ல குறிச்சு வெச்சேன். அழிச்சிட்டேன்.”

பிஸ்கட் உடைந்து தேநீருக்குள் விழுந்தது. அவர் அதைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

“அழிச்சிட்டியா? எதுக்கும்மா?”

“நீட்டா இருக்கட்டும்னு.”

அவர் திட்டியிருந்தால் தேவலாம். திட்டவில்லை. “எங்கிட்ட இருக்கிறது நாலு லாரி. நாலு மணிக்குக் கிளம்பியாகணும், இருட்டினா அந்தத் தண்ணிக்குள்ள வண்டிய எறக்க முடியாது. மூணு மணி வரைக்கும் பதியறதச் சேத்துக்கிறேன்.”

“இப்பவே நான் எழுதிக் கொண்டுவரேன் சார். அந்தத் தெரு எனக்குத் தெரியும். வீடு வீடாத் தெரியும். எங்கக்கா...”

“நீ உக்காந்து எழுதினா அது கதை. அவங்களே போன் பண்ணினா, இல்ல ஆளு வந்து கையெழுத்துப் போட்டா அது புகார். அக்கான்னு வேற சொல்றே. நாளைக்கு யாராவது கேட்டா உன்னையும் தூக்குவாங்க, என்னையும் தூக்குவாங்க. மூணு மணி.”

அவள் படியிலேயே நின்று அக்காவை அழைத்தாள்.

“அக்கா, உங்க தெருவுக்கு லாரி இல்ல. தப்பு எம்மேலதான். நான் எல்லாத்தையும் ஒரே நம்பர்ல...”

“என்னடி சொல்றே? பதிஞ்சாச்சு, பதிஞ்சாச்சுன்னு சொன்னியே! அடுத்த வீட்டுத் தையக்காரர் நீ சொன்னத நம்பித்தான் ரெண்டு நாளா வாசல்லயே கண்ண வெச்சுட்டு...”

“திட்டு, அப்புறம் திட்டு. இப்பக் கேளு. அங்க போனெல்லாம் செத்துப்போச்சு, அதனால எல்லாரும் நேர்ல ஆபீசுக்கு வரணும். ஒவ்வொருத்தரும் தனித்தனியாக் கையெழுத்துப் போடணும். மூணு மணிக்குள்ள. கேக்குதா? மூணு மணிக்குள்ள. அக்கா?”

தொடர்பு அறுந்திருந்தது. எந்த வார்த்தையில் அறுந்தது என்று தெரியவில்லை. திரும்ப அழைத்தால் அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்றது ஒரு பெண் குரல், ரொம்ப மரியாதையாக.

ஒரு மணி. ஒன்றரை. அவள் புதுப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் எடுத்து, எழுதி, வாசலைப் பார்த்தாள். அக்காவுக்கு ‘ஒரே நம்பர்ல’ என்பது வரைக்கும்தான் கேட்டிருக்குமோ? அப்படியானால் இந்நேரம் அங்கே அவளைத் திட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார்கள். அவளே கிளம்பிப் போகலாம். முழங்கால் தண்ணீரில் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். கணக்கு உதைத்தது. இரண்டு மணிக்கு உதவியாளர் பக்கத்தில் வந்து நின்றார்.

“நீயே நாலு கையெழுத்தக் கிறுக்கிடேன். எடது கையால ரெண்டு, வலது கையால ரெண்டு. யாரு பாக்கப்போறா?”

அவள் பேனாவை எடுத்தாள். ஒரு வீட்டு எண்ணை எழுதினாள். கை நின்றுவிட்டது. நேர்மையெல்லாம் ஒன்றுமில்லை, இதையும் தப்பாகச் செய்து லாரி அறவே இல்லாமல் போய்விட்டால் என்ற பயம்தான். அதைக்கூட அவள் முடிவு செய்து முடிப்பதற்குள் வாசலில் செருப்பில்லாத கால்களின் சளசளப்பு கேட்டது.

முதலில் தையல்காரர். தோளில் பேரன், லுங்கி தொடைக்குமேல். பின்னால் பால் போடுகிறவர், இஸ்திரிக்காரர் மனைவி, பள்ளி வேன் ஓட்டுகிறவர், இன்னும் ஆட்கள். எல்லோரிடமிருந்தும் அந்தத் தண்ணீரின் நாற்றம் வந்தது.

“பதிஞ்சாச்சுங்க, பதிஞ்சாச்சுங்கன்னு தாலாட்டினது நீதானாம்மா?” என்றார் தையல்காரர். “நல்ல குரல். தூக்கமே வந்துடுச்சு எங்களுக்கு.”

அவள் பாதியில் நின்ற அந்த வரியை அடித்தாள். “வீட்டு நம்பர் சொல்லுங்க. எத்தன பேருக்கு உடம்பு சரியில்ல?”

“நாலு பேர். நிக்க முடிஞ்சவன் நான் ஒருத்தன்தான், அதான் வந்தேன்.”

எழுதினாள். ஒருவருக்கு ஒரு எண். வரிகளுக்கிடையே கோடு போடவில்லை, ஸ்கேல் எங்கோ கோப்புகளுக்கடியில் கிடந்தது. ஈரக் கையெழுத்துகள் தாளில் ஊறி அடுத்த வரிக்குப் பரவின. இஸ்திரிக்காரர் மனைவி கையெழுத்துப் போட்டுவிட்டு ஓரமாகப் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தாள். உதவியாளர் ஒரு வார்த்தை பேசாமல் வாளியைத் தேடிப் போனார்.

இரண்டே முக்காலுக்கு அக்கா வந்தாள். தோளில் சின்னவன், துவைத்துப் பிழிந்த துணி மாதிரி. ஆறு வயதுப் பிள்ளை, கண் குழிந்து, உதடு வெடித்து, அவளைப் பார்த்துச் “சித்தி” என்றான். சத்தமே இல்லை, உதடு மட்டும் அசைந்தது.

“அக்கா, நீ ஏன் இங்க வந்தே? ஆஸ்பத்திரிக்கு ஓடு!”

“என் புகார எழுது.”

“இருக்கிறதே போதும்க்கா. போ!”

“நீ போதும்னு நெனச்சதாலதான் இப்படி நிக்கிறேன். எழுதுடி.”

எழுதினாள். அக்கா கையெழுத்துப் போட்டாள். பள்ளி வேன்காரர் பையனைக் கையில் வாங்கிக்கொண்டார். வண்டியை மேட்டுச் சாலையில் நிறுத்தியிருப்பதாகச் சொல்லிவிட்டு முன்னே ஓடினார். அக்கா திரும்பிப் பார்க்காமல் பின்னால் ஓடினாள்.

பொறியாளர் பதிவேட்டில் விரல் வைத்து எண்ணினார். முப்பத்திரண்டு. பழையதோடு முப்பத்து மூன்று. பட்டியலை எடுத்து அவள் முன் தள்ளினார்.

“பின்தெரு உள்ள வருது. அப்ப ஒண்ணு வெளிய போகுது. சந்தைத் தெருவ அடிச்சிடு.”

“அஞ்சாவது லாரி...”

“இருந்தா நான் ஓட்டமாட்டேனா? அடி. ஒழுங்கா அடி, கமிஷனர் பாக்கணும்.”

அவர் தன் மேசையிலிருந்து ஒரு ஸ்கேலை எடுத்து நீட்டினார். கேலி இல்லை, உண்மையாகவே உதவுகிறார். அவள் ஸ்கேலை வைத்துச் சந்தைத் தெருமேல் ஒரு கோடு போட்டாள். மிகவும் நேரான கோடு. அதற்குள் இருந்த இருபத்தாறு வீடுகளில் யாரையும் அவளுக்குத் தெரியாது.

லாரிகள் நாலு மணிக்குக் கிளம்பின. ஆறு மணிக்கு யாருடைய போனிலிருந்தோ அக்கா அழைத்தாள். தெருவில் தண்ணீர் வந்துவிட்டதாம். ஆஸ்பத்திரியில் கட்டில் இல்லை, நடைபாதையில் பாய். சலைன் பாட்டிலை ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு ஏற்றுகிறார்கள்.

“இன்னும் ஒண்ணுக்குப் போகல. போனாத்தான் ஏதாவது சொல்ல முடியுமாம். பாத்துட்டே உக்காந்திருக்கேன்.” கொஞ்சம் நிறுத்தி, “நீ சாப்டியா?” என்றாள். அதைக் கேட்டதும் அவளால் தாங்க முடியவில்லை.

போனை வைத்ததும் மேசைத் தொலைபேசி அடித்தது.

“சந்தைத் தெருவுலேர்ந்து பேசறேங்க. லாரி வரும்னு காலைல சொன்னாங்களே, இன்னும் காணோம். பக்கத்து வீட்டுக்காரர் இப்பத்தான் கூப்பிட்டாராமே, நான் வேற தனியாச் சொல்லணுமா? அதே போதுமில்ல?”

“போதாதுங்க,” என்றாள். “உங்க வீட்டு நம்பர் சொல்லுங்க. எதிர் வீட்டையும் கூப்பிடச் சொல்லுங்க. போன்ல சார்ஜ் இருக்கும்போதே எல்லாரையும் கூப்பிடச் சொல்லுங்க.”

பேனாவால் அடுத்த எண்ணைப் போட்டு எழுதினாள். வைத்த மறு நொடி மறுபடியும் அடித்தது. அதுவும் சந்தைத் தெருதான்.