நானே கூப்பிட்டாலும் திறக்காதே

என் புருஷன் வண்டியை நிறுத்துகிற சத்தத்திலேயே தெரிந்துவிட்டது, இன்றைக்கு அடி உண்டு என்று. தையல் மெஷினை விட்டு எழுந்து, "குண்டூசி, விளையாட்டு!" என்றேன். என் எட்டு வயது மகள் எலும்பும் தோலுமாக இருப்பாள். அதனால் அந்தப் பெயர். யூனிபார்ம்கூட மாற்றாமல் என் போனை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டாள்.

விளையாட்டின் விதிகள் நான் சொல்லிக்கொடுத்தவை. மாடி வீட்டு நர்ஸ் அக்காவுக்குப் போன் பண்ண வேண்டும். பிறகு மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டே சுவர் டைல்ஸை எண்ண வேண்டும். அக்கா குரல் கேட்டால்தான் திறக்க வேண்டும். நானே கூப்பிட்டாலும் திறக்கக் கூடாது.

அவனுக்கு அன்றைய காரணம், சட்டை இஸ்திரி போடாதது. கன்னத்தில் விழுந்த முதல் அறையில் காது அடைத்தது. இரண்டாவதில் மெஷின் மேல் போய் விழுந்தேன், உதடு கிழிந்தது. அப்போதுதான் உள்ளே பேச்சுக் குரல் அவனுக்குக் கேட்டது.

"அது யாருகிட்டடி பேசுது? கதவத் தொறக்கச் சொல்லு."

"மாட்டேன்."

முடியைப் பிடித்து இழுத்துப்போய்க் குளியலறைக் கதவில் என் தலையை மோதினான். மூன்று தடவை. பிறகு என் கத்தரிக்கோலையே எடுத்துத் தோளில் இறக்கினான்.

"தொறடி கண்ணு! அம்மாவக் கொல்றான், தொற!"

நடித்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். இல்லை, உயிர் பயத்தில் நிஜமாகவே கத்தினேன். நினைத்தால் என்மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது. உள்ளே குரல் நடுங்கியது: "நாப்பத்தொண்ணு... நாப்பத்திரெண்டு..." தாழ்ப்பாள் அசையவில்லை.

நர்ஸ் அக்காவும் அவர் தம்பிகளும் வாசல் கதவை உடைத்து வந்து அவனை அமுக்கிப் பிடித்தார்கள். போலீஸ் கொண்டுபோனது. அக்கா குரல் கொடுத்த பிறகே குண்டூசி வெளியே வந்தாள்.

"நீ கூப்பிட்ட. நான் வரல," என்றாள். அழவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

"தொறந்திருந்தா உன்னையும் அடிச்சிருப்பான். நீ செஞ்சதுதான் சரி. அம்மா பயந்துபோய்க் கத்திட்டேன். தப்பு உன்னோடது இல்ல தங்கம், அவனோடது."

அவள் நம்பவில்லை. திரும்பவும் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள்.

"இப்பக் கூப்பிடு."

"குண்டூசி, வாடி."

சட்டென்று திறந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். மறுபடி உள்ளே போனாள். அக்கா என் தோளுக்குக் கட்டுப் போட்டு முடிப்பதற்குள் பதினோரு தடவை கூப்பிட்டேன், பதினோரு தடவையும் திறந்தாள். பன்னிரண்டாவது தடவை அழுதுகொண்டே திறந்தாள்.