தலை குனிந்து பார்த்த கல்லூரி

அழகம்மா எஸ்.எஸ்.ஸி. தேறிய செய்தி தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு வந்த அன்று மாலையே, அவளுக்கு எந்தக் கல்லூரி என்று தீர்மானிக்கும் பொறுப்பைச் சோலைமலைக் கங்காணி எடுத்துக்கொண்டார். யாரும் கொடுக்கவில்லை, அவர் எடுத்துக்கொண்டார். அந்த லிந்துலைத் தேயிலைத் தோட்டத்தில் பொறுப்புகள் எல்லாம் அப்படித்தான் அவரிடம் போய்ச் சேர்ந்தன.

கல்லூரி வாசலை அவர் மிதித்ததில்லை. ஆனால் லயத்துக் கல்யாணங்களில் பாதி அவர் பேசி முடித்தவை.

“மாப்பிள்ளை பாக்கிறதும் காலேஜு பாக்கிறதும் ஒண்ணுதான்ப்பா. புள்ளையக் கொண்டுபோய் ஒரு எடத்துல விடுறோம். அப்புறம் அது அழுதாலும் சிரிச்சாலும் அங்கதான்.”

“ஆமாங்க” என்றார் ஆண்டியப்பன். அழகம்மாவின் தகப்பனாகிய அவர், தேயிலைச் செடி வெட்டக் கவ்வாத்துக் கத்தி பிடித்த நாள் முதலாகக் கங்காணியிடம் பேசியிருக்கும் பேச்சு இது ஒன்றுதான்.

அழகம்மாவுக்கு ரசாயனம் படிக்க ஆசை. டவுன் பள்ளிக்கூடத்து வாத்தியார் கரும்பலகையில் சோதனைக் குழாயை வரைந்து, அதன் வாயில் சோக்கினாலேயே புகையும் விடுவார். அந்தப் புகையை நிஜத்தில் பார்க்க வேண்டும், அதுவும் தன் கையால் கிளப்பிப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குள் ஒரு வெறி. ஆனால் பெண் பார்க்கும் காரியத்தில் பெண்ணின் ஆசையைக் கேட்கும் கட்டம் கடைசியில்தான் வரும். அதுவும் ஒப்புக்கு.

கங்காணியின் தேர்வு கண்டிக் கல்லூரி ஒன்று. மணிக்கூண்டு உள்ள கல்லூரி. அதன் அடிக்கல் நாட்டிய தேதியைப் பிறந்த தேதியாக வைத்துக் கோயில் பண்டாரம் பொருத்தமும் பார்த்துவிட்டார். ஒன்பது பொருத்தம் அமோகம். புத்திர பாக்கியம் மட்டும் கொஞ்சம் சந்தேகமாம்.

“ஒரே எடத்தைப் பாத்துட்டு முடிச்சா, நம்மள வக்கத்தவங்கன்னு நெனைப்பாங்க. வர்ற வழியில நாவலப்பிட்டியில எறங்கி இன்னொண்ணையும் சும்மா பாத்துவைப்போம்” என்றார் கங்காணி.

தலப்பா, கறுப்புக் கோட்டு, வெள்ளிப் பூண் போட்ட பிரம்பு சகிதம் கங்காணி முன்னே நடக்க, வெற்றிலைத் தட்டோடு ஆண்டியப்பன் பின்னே வர, கடைசியில் அழகம்மா. ரயிலில் ஏறும்போதே அவளுக்கு உத்தரவு வந்துவிட்டது.

“இந்தா புள்ள, உள்ள போனா வெளிய வர்ற வரைக்கும் தலைய நிமித்தப்படாது. அடக்கமில்லாத பொண்ணுன்னு சொல்லிப்புடுவாங்க.”

கண்டிக் கல்லூரியின் அதிபர் யாழ்ப்பாணத்து அம்மா. வெற்றிலைத் தட்டைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். தட்டு அப்போதும் அங்கேதான் இருந்தது.

“காலேஜுக்குச் சொந்தத்துல எவ்வளவு நெலம்ங்க? கெணறு கோடையில வத்துமா?” என்று தொடங்கினார் கங்காணி.

“பிள்ளை என்ன படிக்க விரும்புது?”

“அது வாயத் தொறக்காதுங்க. அவ்வளவு அடக்கம்!”

அதிபர் பெருமூச்சு விட்டுவிட்டு, ஆய்வுகூடத்தைக் காட்ட எழுந்தார். திறப்புச் சாவியைத் தேட வேண்டியிருந்தது. அது கிடைத்த பிறகு பூட்டு திறக்க மறுத்தது. ஒருவழியாக உள்ளே போனதும் கங்காணி மலைத்து நின்றார்.

“ஆண்டியப்பா, கண்ணாடி பீரோவப் பாருய்யா! சீசாவப் பாருய்யா! ராஜாவூட்டு அரமன மாதிரியில்ல இருக்கு!”

அழகம்மா பீரோவைப் பார்க்கவில்லை. அவளுக்கு அனுமதிக்கப்பட்டது தரை மட்டும். சிவப்புப் பாலிஷ் போட்ட தரையில் கங்காணியின் மீசை தலைகீழாகத் தெரிந்தது. ஒரு கறை இல்லை, கீறல் இல்லை. நாற்காலிக் கால்களில் கடையில் சுற்றிக் கொடுத்த காகிதம் கூட இன்னும் பிரிக்கப்படவில்லை.

நாவலப்பிட்டிக் கல்லூரிக்குத் தகரக் கூரை. அதிபரைக் காணோம். சட்டைக் கையை மடித்துவிட்ட ஒரு வாத்தியார் ஆய்வுகூட வாசலிலிருந்து, “வாங்க வாங்க, தட்ட அந்தப் பக்கம் வச்சிட்டு வாங்க, இங்க அமிலம் இருக்கு” என்று கூப்பிட்டார். காப்பி கூட வரவில்லை. கங்காணிக்கு முகம் சுருங்கிவிட்டது.

அழகம்மா தரையைப் பார்த்தாள். சிமெந்தில் பொட்டுப் பொட்டாக அரிப்பு. கிணற்றில் போடும் மருந்தின் ஊதா நிறம் ஒரு மூலையில் ஆறாக ஓடிக் காய்ந்திருந்தது. சுட்ட வட்டங்கள், மஞ்சள் தீற்றல்கள். அவற்றின் நடுவே சின்னச் சின்னச் செருப்புக் கால்கள் அங்குமிங்கும் ஓடின. ஏதோ “புஸ்” என்றது. பெண் பிள்ளைகள் சிலர் ஒன்றாகக் கத்தினார்கள். தரையோரமாக ஒரு கீற்றுப் புகை, சோக்குப் புகையல்ல, தவழ்ந்து வந்து அவள் கால் விரலைத் தொட்டது.

“தரையா இது? சொறி புடிச்ச மாதிரியில்ல இருக்கு!” என்று கோட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெளியேறினார் கங்காணி.

ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து வெற்றிலை போட்ட பிறகு அவர் தீர்ப்பைச் சொன்னார்.

“கண்டிதான். நாளைக்கே கடுதாசி போட்டுருவோம். ஏம் புள்ள, ஒனக்குப் பிடிச்சிருக்குல்ல?”

இது அவர் எல்லாக் கல்யாணத்திலும் கேட்கும் கேள்வி. பதிலுக்கு அவர் காத்திருந்ததில்லை; எந்தப் பெண்ணும் சொன்னதுமில்லை. இப்போதும் கேட்டுவிட்டு எச்சிலைத் துப்பத் திரும்பிவிட்டார்.

“பிடிக்கலைங்க.”

கங்காணி துப்ப மறந்தார்.

அழகம்மா தலையை நிமிர்த்தியிருந்தாள். “கண்டியில தரையில ஒரு சொட்டு மருந்து சிந்தலைங்க. அங்க யாரும் எதையும் செஞ்சு பாக்கலைங்க. சீசாவ அடுக்கி வச்சிருக்காங்க. இங்க தரை பூரா சுட்டுக் கெடக்கு. நான் இங்கதாங்க படிக்கணும்.”

“என்னாய்யா ஆண்டியப்பா இது? ஒம் மக பேசுறாளே!”

ஆண்டியப்பன் மடியிலிருந்த வெற்றிலைத் தட்டை எடுத்துப் பெஞ்சில் வைத்தார். பிறகு, வாழ்நாளெல்லாம் கங்காணியைப் பார்த்துச் சொன்ன சொல்லை மகளைப் பார்த்துச் சொன்னார்.

“ஆமாம்மா.”

ரயில் தலவாக்கலையில் நின்றதும் கங்காணி தலப்பாவைச் சரிசெய்துகொண்டு முன்னே நடந்தார். லயத்துக்கு வந்து சேர்ந்ததும் எல்லாரையும் கூட்டிவைத்துச் சொன்னார். “தரையப் பாத்தேன். அப்பவே முடிவு பண்ணிட்டேன், நாவலப்பிட்டிதான்னு! இந்த வித்தையெல்லாம் எல்லாருக்கும் வராதுப்பா.” அழகம்மா மறுபடி தலையைக் குனிந்துகொண்டாள். இந்தத் தடவை சிரிப்பை மறைக்க.

அவள் நாவலப்பிட்டிக் கல்லூரி விடுதிக்குப் போன பிறகு, தை மாதம் அதே லயத்து மாயாண்டியின் மகளுக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கக் கங்காணி பூண்டுலோயாவுக்குப் போனார். மெழுகிய தரை பளபளவென்றிருந்தது. வாசலிலேயே நின்றுவிட்டாராம்.

“ஒரு கறையக் காணோமே! இந்த வீட்டுல யாரும் எந்த வேலையும் செய்யிறதில்லையா?”

சம்பந்தம் அதோடு முறிந்தது. அந்த மாப்பிள்ளை வேண்டாமென்று வாய் திறக்க முடியாமலிருந்த மாயாண்டி மகள் மட்டும், விடுதிக்குப் போகிறவர்களிடம் எல்லாம் அழகம்மாவுக்கு ஒரு கும்பிடு சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தாள்.